எஸ்கியூலைட்டில் எடைப்பதிவு எழுதும்போது ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ பிழை. மின்வெட்டுக்குப் பின் பதிவுகளும் காணவில்லை

மூட்டைக்கணக்கு (யாங்கோன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யாங்கோன் பயின்னாங் மொத்தச் சந்தையில் என் தாய்மாமா உளுந்து, துவரை, பச்சைப்பயறு ஆகியவற்றை மொத்தமாக வாங்கி விற்கிறார். அவருடைய கிடங்குக்காகப் பைத்தானில் இரண்டு சிறிய நிரல்களை எழுதியிருக்கிறேன். ஒன்று, மின்னணுத் தராசிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடையைப் பெற்றுப் பதிவு செய்கிறது; மற்றொன்று, கல்லாவில் பில் போடுகிறது. இரண்டும் ஒரே கணினியில் ஓடி, ஒரே எஸ்கியூலைட் (முழுத் தரவுத்தளத்தையும் ஒரே கோப்பில் வைக்கும் சிறிய மென்பொருள்) கோப்பில்தான் எழுதுகின்றன. தராசின் அருகே இரண்டாவது திரையும் ஒரு பொத்தானும் மட்டும் வைத்திருக்கிறேன்.

லாரி வந்து மூட்டைகள் இறங்கும் நேரத்தில் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ (தரவுத்தளம் பூட்டப்பட்டிருக்கிறது) என்ற பிழை ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை வருகிறது. இணைப்பைத் திறக்கும்போது கொடுக்கும் டைம்அவுட் (பூட்டு விடுபடக் காத்திருக்கும் நேரம்) அளவு இயல்பாக 5 நொடி என்று படித்ததால் அதை 30 நொடியாக உயர்த்தினேன். அதன் பிறகு சில நேரங்களில் முப்பது நொடியும் நின்று காத்திருந்துவிட்டுப் பிழை வருகிறது; வேறு சில நேரங்களில் ஒரு நொடிகூடக் காத்திராமல் உடனே வருகிறது. உடனே வருவது எடை நிரலில் மட்டும்தான். பிழை வந்தால் அரை நொடி நிறுத்தி பதிவைச் சேர்க்கும் அதே இன்சர்ட் கட்டளையை மூன்று முறை மீண்டும் முயலுமாறு எழுதியும் பார்த்தேன். மூன்றும் தோற்கின்றன; எடை நிரலை மூடித் திறந்தால்தான் சரியாகிறது.

எடை நிரலின் போக்கு இது: தானியங்கி கமிட் முறையில் இணைப்பைத் திறந்து, நானே ‘பிகின்’ (பரிவர்த்தனையை, அதாவது ஒன்றாகவே நிறைவேறும் கட்டளைத் தொகுதியைத் தொடங்குவது) கொடுத்து, கடைசி வரிசை எண்ணை செலக்ட் செய்து (வாசித்து), அடுத்த எண்ணைத் திரையில் காட்டுகிறேன். மூட்டை தராசில் ஏறி, எடை அசையாமல் நின்று, ஆள் பொத்தானை அழுத்தியதும் இன்சர்ட் செய்து கமிட் (பரிவர்த்தனையை முடித்து உறுதியாக்குவது) கொடுக்கிறேன். உடனே அடுத்த மூட்டைக்காக மறுபடியும் ‘பிகின்’. ஜர்னல் முறையாக ‘வால்’ முறையையும் (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதுவது), வேகத்துக்காக சிங்க்ரனஸை (வட்டில் எழுதி முடியும் வரை காத்திருப்பதற்கான அமைப்பு) ‘ஆஃப்’ என்றும் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. சென்ற வாரம் ஒரு மாலையில் மின்சாரம் போனது. எங்கள் இன்வெர்ட்டரில் விளக்கும் மின்விசிறியும் மட்டுமே இணைக்கப்பட்டிருப்பதால் கணினி அப்படியே அணைந்துவிட்டது. மின்சாரம் திரும்பியதும் வழக்கம்போல் தரவுத்தளத்தின் அருகே கிடந்த தற்காலிகக் கோப்புகளை ஒரு பேட்ச் கோப்பால் நீக்கிவிட்டு நிரல்களைத் தொடங்கினேன். பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் எழுதிய 61 எடைப்பதிவுகளைக் காணவில்லை. அத்துடன் அன்று விடியற்காலை ஆறு மணி லாரியில் இறங்கிய 12 மூட்டைகளின் பதிவுகளும் அன்றைய அறிக்கையில் இல்லை. கமிட் கொடுத்த பதிவு எப்படிக் காணாமல் போகும்? மாமா, “பழைய பேரேட்டுக்கே போய்விடலாமா?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

அடுத்த மாதம் பக்கத்து அறையில் இன்னொரு கணினியை வைத்து, பகிர்ந்த கோப்புறை வழியாக இதே கோப்பைத் திறந்து இரண்டாவது கல்லாவும் நடத்த எண்ணியிருக்கிறோம். அது சரிப்படுமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

—

கடற்கரைத்தெரு (மோல்மீன்) எழுதியது:

தம்பி, ஒரே பிழைச்செய்தி வருவதால் ஒரே நோய் என்று எண்ணிவிட வேண்டாம். முப்பது நொடி காத்திருந்து வருவதும் காத்திராமல் உடனே வருவதும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. முதலாவதற்கு உங்கள் நிரலுக்கு வெளியே காரணம் இருக்கக்கூடும். இரண்டாவதன் காரணம் நீங்களே எழுதிய அந்த ‘பிகின்’ வரியில் இருக்கிறது.

எஸ்கியூலைட்டில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் வாசிக்கலாம். ஆனால் எந்த நேரத்திலும் எழுதுபவர் ஒருவர்தான். ‘வால்’ முறையில் எழுதுபவர் வாசிப்பவரைத் தடுப்பதில்லை, வாசிப்பவரும் எழுதுபவரைத் தடுப்பதில்லை. அந்த முறையிலும் இரண்டு பேர் சேர்ந்து எழுத முடியாது. வெறும் ‘பிகின்’ என்று கொடுத்தால் அந்தக் கட்டத்தில் எந்தப் பூட்டும் எடுக்கப்படுவதில்லை. முதல் செலக்ட் ஓடும்போதுதான் பரிவர்த்தனை வாசிப்பாகத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் தரவுத்தளம் எப்படி இருந்ததோ அந்தக் காட்சியே அதற்குக் கடைசி வரை தெரியும். நீங்கள் வரிசை எண்ணை வாசித்துவிட்டு மூட்டைக்காகக் காத்திருக்கும் அந்த ஓரிரு நிமிடங்களில் கல்லாவில் மாமா ஒரு பில்லை முடித்துவிட்டால், உங்கள் கையிலுள்ள காட்சி பழையதாகிவிடும். பழைய காட்சியின் மேல் எழுத அனுமதித்தால் நடுவில் எழுதப்பட்டதை அறியாமலே எழுதுவதாகிவிடும் என்பதால் எஸ்கியூலைட் அதை மறுத்துவிடுகிறது. எவ்வளவு காத்திருந்தாலும் பழைய காட்சி புதிதாகப் போவதில்லை. ஆகவே டைம்அவுட்டைப் பொருட்படுத்தாமல் உடனே பிழையைத் தருகிறது. 30 நொடியை 300 நொடியாக்கினாலும் இதில் மாற்றம் இராது.

உங்கள் மூன்று மறுமுயற்சிகளும் ஏன் தோற்றன என்பதும் இதனால் விளங்கும். ரோல்பேக் (பரிவர்த்தனையைக் கைவிடும் கட்டளை) கொடுக்காமல் இன்சர்ட்டை மட்டும் திரும்பச் செய்தால் அதே பழைய காட்சியின் மேல்தான் முயல்கிறீர்கள். நிரலை மூடித் திறந்ததும் சரியானது, மூடும்போது அந்தப் பரிவர்த்தனை கைவிடப்பட்டதால்தான்.

தீர்வாகப் பலரும் ‘பிகின் இம்மீடியட்’ என்று மாற்றச் சொல்வார்கள். அது சரியானதே, தொடங்கும்போதே எழுதும் உரிமையை எடுத்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் டைம்அவுட் வரை முறையாகக் காத்திருக்கும். ஆனால் உங்கள் நிரலில் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். மூட்டை தராசில் ஏறி எடை நிலைக்கும் வரை எழுதும் உரிமையை எடை நிரலே பிடித்து வைத்திருக்கும். கல்லாவில் மாமா முப்பது நொடி திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆகவே வரிசையையே மாற்றுங்கள். முதலில் எடை நிலைக்கட்டும், பொத்தான் அழுத்தப்படட்டும். அதன் பிறகு ‘பிகின் இம்மீடியட்’, வரிசை எண் வாசிப்பு, இன்சர்ட், கமிட் ஆகிய நான்கும் இடைவெளியின்றி நடக்கட்டும். சாதாரணக் கணினியிலேயே இதற்குச் சில மில்லிநொடிகளுக்கு மேல் ஆகாது. அடுத்த எண்ணை முன்கூட்டியே திரையில் காட்ட வேண்டுமென்றால், பரிவர்த்தனை இல்லாமல் வாசித்து ஒரு மதிப்பீடாகக் காட்டுங்கள். உறுதியான எண் எழுதும்போது கிடைக்கட்டும். மனிதர் கைக்காகவோ, தராசுக்காகவோ, அச்சுப்பொறிக்காகவோ காத்திருக்கும் எந்த வேலையும் பிகினுக்கும் கமிட்டுக்கும் நடுவில் வரக்கூடாது.

முப்பது நொடி காத்திருந்து வரும் பிழைக்கு என் ஊகம், பில் நிரலில் இன்சர்ட் செய்துவிட்டுப் பில் அச்சாகும் வரை கமிட் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்பது. பைத்தானின் இயல்பான முறையில் இன்சர்ட், அப்டேட் (திருத்தல்), டெலீட் (நீக்கல்) ஆகியவற்றுக்கு முன் நீங்கள் கேளாமலே ஒரு பரிவர்த்தனை தொடங்கிவிடும். கமிட் கொடுக்கும் வரை அது முடியாது. சரிபார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டையும் பிரித்தறிய, உங்களிடம் பைத்தான் 3.11 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், பிழை வரும் இடத்தில் அந்தப் பிழையின் ‘எஸ்கியூலைட் எரர்நேம்’ என்ற பண்பையும், எத்தனை நொடி காத்திருந்தது என்பதையும், மணியையும் ஒரு பதிவுக்கோப்பில் எழுதச் செய்யுங்கள். காட்சி பழையதானால் ‘பிஸி ஸ்நாப்ஷாட்’ என்றும், வேறொருவர் பூட்டைப் பிடித்திருந்தால் வெறும் ‘பிஸி’ என்றும் வரும்.

—

பெகு வாத்தியார் எழுதியது:

மோல்மீன் நண்பர் பூட்டைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். நான் காணாமல் போன பதிவுகளைப் பற்றிச் சொல்கிறேன். தம்பி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வாக்கியத்தைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது: “தற்காலிகக் கோப்புகளை ஒரு பேட்ச் கோப்பால் நீக்கிவிட்டு.” தரவுத்தளத்தின் பெயரோடு ‘-வால்’ என்று முடியும் கோப்பையும் ‘-எஸ்எச்எம்’ என்று முடியும் கோப்பையுந்தானே குறிப்பிடுகிறீர்கள்? இரண்டாவதை மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம். முதலாவது குப்பையன்று; அதில்தான் உங்கள் 61 பதிவுகளும் இருந்தன.

என் மாணவர்களிடம் நான் சொல்வது: அந்தக் கோப்பின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு சுருக்கெழுத்தாக இருக்கலாம், நமக்கு அது தமிழ் வால்தான், தரவுத்தளத்தின் உடலோடு சேர்ந்தது. ‘வால்’ முறையில் கமிட் கொடுத்ததும் புதிய பக்கங்கள் (கோப்பு பிரிக்கப்பட்டிருக்கும் சம அளவுத் துண்டுகள்) முதன்மைக் கோப்புக்குப் போவதில்லை. வால் கோப்பின் கடைசியில் சேர்க்கப்படுகின்றன. அது ஏறத்தாழ 1000 பக்கங்களை எட்டும்போதுதான் அவற்றை முதன்மைக் கோப்புக்கு எடுத்துச் செல்லும் வேலை இயல்பாக நடக்கிறது. பக்கம் ஒன்று 4096 பைட் என்று கொண்டால் அது ஏறத்தாழ 4 எம்பி. கடைசி இணைப்பு முறையாக மூடப்படும்போதும் அந்த வேலை நடந்து, வால் கோப்பு தானே மறைந்துவிடும். அதனால்தான் ஒழுங்காகக் கணினியை அணைத்த நாள்களில் அது உங்கள் கண்ணில் பட்டிராது. மின்சாரம் போய்த் திடீரென்று அணையும்போது அது அங்கேயே கிடக்கும். அடுத்த முறை நிரல் கோப்பைத் திறந்ததும் எஸ்கியூலைட் அதைப் படித்து, கமிட் ஆனவற்றை ஏற்றுக்கொண்டு, பாதியில் நின்றவற்றை ஒதுக்கிவிடும். உங்களைக் காப்பாற்றுவதற்காகவே அது காத்துக்கிடந்தது. நீங்கள் அதற்கு முன்பே நறுக்கிவிட்டீர்கள்.

இழப்பு அதோடு நிற்கவில்லை என்ற அச்சமும் எனக்கு உண்டு. வாலிலிருந்து முதன்மைக் கோப்புக்குப் பக்கங்களை எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் போயிருந்து, அதன் பின் வால் நீக்கப்பட்டிருந்தால், முதன்மைக் கோப்பு பாதி புதியதும் பாதி பழையதுமாக நிற்கக்கூடும். ஆகவே கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ‘பிராக்மா இன்டெக்ரிட்டி செக்’ என்ற கட்டளையை இன்றே ஓட்டிப் பாருங்கள். ‘ஓகே’ என்ற ஒற்றைச் சொல் வந்தால் தப்பித்தீர்கள். நீக்கிய வால் கோப்பை எந்த மென்பொருளைக் கொண்டாவது மீட்டெடுத்து இப்போதைய தரவுத்தளத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தால் அதைக் கைவிடுங்கள். ஒரு வாரமாக முதன்மைக் கோப்பு வேறு வழியில் வளர்ந்துவிட்டது. பழைய வாலை அதில் ஒட்டினால் இருப்பதும் சிதையும்.

சிங்க்ரனஸை ‘ஆஃப்’ என்று வைத்தது இன்னொரு தவறு. ‘ஆஃப்’ என்றால், வட்டில் உண்மையிலேயே எழுதி முடிந்ததா என்று எஸ்கியூலைட் காத்திராது. இயங்குதளத்திடம் கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று போய்விடும். மின்சாரம் போனால் கோப்பே கெடலாம். ‘வால்’ முறையில் ‘நார்மல்’ என்று வைத்தால் கோப்பு கெடாது, ஆனால் கடைசிச் சில கமிட்டுகள் இல்லாமல் போகலாம். ‘ஃபுல்’ என்று வைத்தால் கமிட் திரும்பி வரும்போது பதிவு வட்டில் இருக்கும். சுழலும் பழைய வட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் இப்படிக் காத்திருந்தால் நொடிக்குச் சில பத்து பரிவர்த்தனைகளே ஓடும் என்பது உண்மை. ஆனால் உங்கள் கிடங்கில் ஒரு மூட்டை ஏறி இறங்க அரை நிமிடமாவது ஆகும். இந்த ஊரில் மின்சாரம் சொல்லிக்கொண்டும் போகிறது, சொல்லாமலும் போகிறது. அந்த வேகம் உங்களுக்கு எதற்கு? ‘ஃபுல்’ என்றே வையுங்கள். ‘வால்’ முறையை ஒரு முறை அமைத்தால் கோப்பிலேயே நிலைத்துவிடும். சிங்க்ரனஸும் டைம்அவுட்டும் அயல்விசைச் சரிபார்ப்பும் (அட்டவணைகளுக்கிடையிலான தொடர்பைச் சரிபார்ப்பது) அப்படி நிலைக்க மாட்டா, ஒவ்வொரு இணைப்பைத் திறக்கும்போதும் கொடுக்க வேண்டும். இரண்டு நிரல்களிலும் ஒரே செயற்கூறின் வழியாக இணைப்பைத் திறந்தால் மறதிக்கு இடமிராது.

காப்புநகல் எப்படி எடுக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நிரல் ஓடும்போது முதன்மைக் கோப்பை மட்டும் பென்டிரைவில் நகலெடுப்பதாக இருந்தால், அங்கும் இதே கதைதான். பைத்தான் இணைப்பிலேயே ‘பேக்கப்’ என்ற செயற்கூறு உண்டு. அல்லது ‘வேக்யூம் இன்டு’ கட்டளை எஸ்கியூலைட் 3.27 முதல் உண்டு. இவை வாலில் உள்ளதையும் சேர்த்து முழுமையான ஒரே கோப்பாகத் தரும்.

விடியற்காலைப் பதிவுகள் 12 தொலைந்தது வால் கதையோடு பொருந்தவில்லை. காலையில் எழுதியது போய், நண்பகலில் எழுதியது இருக்குமா? நேரத்தை எப்படி எழுதுகிறீர்கள்?

—

மூட்டைக்கணக்கு (யாங்கோன்) எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. இரண்டு நாள்கள் கவனித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. இன்டெக்ரிட்டி செக் ‘ஓகே’ என்று வந்தது. நேரத்தை நான் எழுதுவதில்லை. அட்டவணையை உருவாக்கும்போது அந்தப் பத்திக்கு ‘கரன்ட் டைம்ஸ்டாம்ப்’ என்பதை இயல்பு மதிப்பாகக் கொடுத்திருந்தேன். ஐயா கேட்ட பிறகுதான் அது உலகப் பொது நேரத்தைத் தருகிறது என்பது உறைத்தது. நமது நேரம் அதைவிட ஆறரை மணி முன்னதாக இருப்பதால், காலை ஆறரைக்கு முன் எழுதிய ஒவ்வொரு பதிவும் முந்தைய நாளின் தேதியில் போய் உட்கார்ந்திருக்கிறது. 12 பதிவுகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. மற்ற நாள்களிலும் இப்படித்தான் நடந்திருக்கும். லாரி பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல் வருவதால் யாரும் கவனிக்கவில்லை.

எடை நிரலில் பிகினை எடை நிலைத்த பிறகு வருமாறு மாற்றிவிட்டேன். மாற்றுவதற்கு முன் ஒரு நாள் பதிவுக்கோப்பை ஓடவிட்டுப் பார்த்தேன்: உடனே வந்த பிழைகள் நான்கும் ‘பிஸி ஸ்நாப்ஷாட்’, நான்குக்கும் சற்று முன்பு கல்லாவில் ஒரு பில் முடிந்திருக்கிறது. மாற்றிய பிறகு அந்த வகை ஒன்றுகூட வரவில்லை.

முப்பது நொடிப் பிழை மட்டும் இன்னும் வருகிறது. அண்ணன் சொன்னதுபோல் பில் நிரலைப் பார்த்தேன். அதில் கமிட் கொடுத்த பிறகுதான் அச்சுக்கு அனுப்புகிறேன். பதிவுக்கோப்பின்படி இரண்டு நாளும் காலை பத்து மணிக்கும் பத்தரைக்கும் நடுவில்தான் வருகிறது, இரண்டு நிரல்களிலும் வருகிறது. அந்த நேரத்தில் கிடங்கில் நடக்கும் ஒரே தனி வேலை, கணக்கர் கல்லாக் கணினியில் உட்கார்ந்து வாடிக்கையாளர் பெயர்களைத் திருத்துவது. பழைய பர்மியப் பெயர்கள் ஸோஜி என்ற, யூனிகோடுக்கு ஒவ்வாத எழுத்துருவில் தட்டச்சானவை. அவற்றை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி வருகிறார். தரவுத்தளத்தைத் திறந்து அட்டவணையாகக் காட்டும் ஒரு வரைகலைக் கருவியில்தான் அதைச் செய்கிறார்.

—

கடற்கரைத்தெரு (மோல்மீன்) எழுதியது:

பில் நிரலைப் பற்றி நான் ஊகித்தது தவறு; கணக்கர்தான் என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. அவ்வகைக் கருவிகளில் அட்டவணையின் ஏதேனும் ஒரு கட்டத்தில் உள்ள எழுத்தை மாற்றியதுமே பரிவர்த்தனை தொடங்கிவிடும். ‘மாற்றங்களை எழுது’ என்ற பொத்தானை அழுத்தும் வரை அது முடியாது. அவர் நான்கைந்து பெயர்களைத் திருத்திவிட்டு, பொத்தானை அழுத்தாமல் டீக்கடையில் மொஹிங்கா சாப்பிடப் போய்விட்டால், அவர் திரும்பும் வரை கிடங்கில் ஒரு மூட்டையும் பதிவாகாது. மாமா அந்தச் சாளரத்தைச் சுருக்கிவிட்டுப் பில் நிரலைத் திறந்தாலும் பூட்டு அப்படியேதான் இருக்கும். நாளை பத்து மணிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கணக்கரைக் குறை சொல்ல வேண்டாம். அந்தக் கருவி பூட்டைப் பிடித்திருப்பதை அவருக்குத் தெரிவிப்பதே இல்லை. மாலையில் காப்புநகலை அவரிடம் கொடுத்து, திருத்திய பெயர்களைத் தனிப் பட்டியலாக வாங்கி, கடை மூடிய பின் ஒரே பரிவர்த்தனையில் நீங்களே ஏற்றிவிடலாம். ஆயிரம் அப்டேட்களை ஒரே பிகின்-கமிட்டுக்குள் வைத்தால் நொடியில் முடியும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கமிட் கொடுத்தால் ‘ஃபுல்’ முறையில் நெடுநேரம் ஆகும்.

கேளாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தராசிலிருந்து வருவது எண்ணும் அலகும் சேர்ந்த எழுத்துச்சரம். அதை அப்படியே இன்சர்ட்டில் கொடுக்கிறீர்களா? எஸ்கியூலைட்டில் பத்தியின் வகை ‘ரியல்’ (தசம எண்) என்றிருந்தாலும், எண்ணாக மாற்ற முடியாத சரத்தைக் கொடுத்தால் மறுக்காது, சரமாகவே வைத்துக்கொள்ளும். பிறகு “50 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைகள்” என்று கேட்டால், எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது என்ற விதிப்படி அவை எல்லாமே வந்து நிற்கும். 3.37 முதல் ‘ஸ்ட்ரிக்ட்’ அட்டவணைகள் உண்டு. அவற்றில் இந்த விளையாட்டு நடக்காது. எடையைக் கிராமில் முழு எண்ணாக எழுதுங்கள். வீசைக் கணக்கு அறிக்கைக்கு மட்டும் இருக்கட்டும். நம் வீசை 1.633 கிலோ, ஊரில் தாத்தாக்கள் சொன்ன வீசை 1.4 கிலோ, நடுவில் தசமப் புள்ளியும் சேர்ந்தால் மாதக் கடைசியில் யார் கூட்டினாலும் ஒத்துவராது.

—

தாம்வே நிரலகம் எழுதியது:

இவ்வளவு தொல்லை எதற்கு? மரியாடிபி அல்லது போஸ்ட்கிரஸ் போன்ற சேவையகத் தரவுத்தளத்தை நிறுவிவிட்டால் பல பேர் ஒரே நேரத்தில் எழுதலாம், வேலை முடிந்தது.

—

பெகு வாத்தியார் எழுதியது:

தாம்வே நண்பர் சொல்வதை முதல் இரண்டு சிக்கல்களுக்கு மருந்தாக நான் ஏற்கவில்லை. பிகின் கொடுத்துவிட்டு மனிதர் கைக்காகக் காத்திருக்கும் நிரல் எந்தத் தரவுத்தளத்திலும் தொல்லைதான் தரும். பெரிய சேவையகத்தில் அது இன்னும் தாமதமாகத்தான் வெளியே தெரியும். தரவுக் கோப்புகளை பேட்ச் கோப்பால் நீக்குபவரை எந்தச் சேவையகமும் காப்பாற்றாது.

ஆனால் இரண்டாவது கல்லா விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் உண்டு. ‘வால்’ முறையில் எல்லா நிரல்களும் ஒரே கணினியில் இருந்தாக வேண்டும். அந்த ‘-எஸ்எச்எம்’ கோப்பு, ஒரே கணினியின் நினைவகத்தை நிரல்கள் பகிர்ந்துகொள்வதற்கானது. பகிர்ந்த கோப்புறை வழியாக இன்னொரு கணினி அதைத் திறந்தால் சரிப்படாது. பழைய ஜர்னல் முறைக்குத் திரும்பினாலும், வலைவழிக் கோப்பு முறைமைகளில் பூட்டுகள் சொன்னபடி நடக்கும் என்று நம்ப முடியாது. இரண்டு பேரும் தாமே பூட்டைப் பெற்றதாக எண்ணி எழுதினால் கோப்பு சிதையும். ஆகவே பகிர்ந்த கோப்புறை வேண்டவே வேண்டாம்.

இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சேவையகத் தரவுத்தளம். இன்னொன்று, இப்போதைய கணினியில் ஒரு சிறிய சேவை நிரலை எழுதி, கோப்பைத் திறக்கும் உரிமை அதற்கு மட்டுமே என்று வைத்து, தராசும் இரண்டு கல்லாக்களும் உள்வலை வழியாக அதனிடம் பதிவை ஒப்படைப்பது. எழுதுபவர் ஒருவரே என்ற எஸ்கியூலைட்டின் இயல்போடு இது ஒத்துப்போகும்; பூட்டுச் சண்டையே எழாது. மூன்று பேர் வேலை செய்யும் கிடங்குக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் வாரத்தில் சேவையகம் தொடங்காமல் நின்றால் அங்கே அதைப் பார்க்க ஆளில்லை. எதைத் தேர்ந்தாலும் அதற்கு முன்பாக அந்தக் கணினியின் மின்கம்பியை இன்வெர்ட்டர் பக்கம் மாற்றுங்கள். ஒரு மின்விசிறியைக் கழற்றினால் போதும்.

—

மூட்டைக்கணக்கு (யாங்கோன்) எழுதியது:

பத்து நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கணக்கர் விஷயம் உறுதியானது. மறுநாள் பத்தேகால் மணிக்குப் போய்ப் பார்த்தபோது கருவியின் சாளரம் சுருங்கிக் கிடந்தது, அவர் எதிரேயுள்ள டீக்கடையில் இருந்தார். நான் பொத்தானை அழுத்திய அதே நொடியில் தராசுத் திரையில் காத்திருந்த மூட்டை பதிவானது. மாமா அதைக் கண்ணால் பார்த்த பிறகு பேரேட்டைப் பற்றிப் பேசுவதில்லை. இப்போது கணக்கருக்குத் தினமும் காலையில் ‘பேக்கப்’ செயற்கூறு எடுத்த நகலைத் தருகிறேன். திருத்தங்களை இரவில் ஒரே பரிவர்த்தனையில் ஏற்றுகிறேன்.

பேட்ச் கோப்பை நீக்கிவிட்டேன். சிங்க்ரனஸ் ‘ஃபுல்’. கணினி இன்வெர்ட்டரில் இருக்கிறது, ஆனால் அண்மையில் ஒரு நாள் இன்வெர்ட்டரே தீர்ந்து கணினி அணைந்தது. மின்சாரம் வந்ததும் கையை ஒன்றிலும் வைக்காமல் நிரலைத் திறந்தேன். அணைவதற்குச் சற்று முன் எழுதிய மூட்டை வரை எல்லாம் இருந்தன. நேரத்தை இப்போதும் பொது நேரமாகவே எழுதி, அறிக்கையில் மட்டும் ஆறரை மணியைக் கூட்டுகிறேன். பழைய பதிவுகளைத் தொடத் தேவையில்லாமல் போயிற்று. எடைப் பத்தியில் சரமாக நின்றவை 340 இருந்தன. அண்ணன் கேட்டிராவிட்டால் தெரிந்தே இராது.

பத்து நாள்களில் ‘பிஸி’ இரண்டே முறை வந்தது. இரண்டும் ஞாயிறு இரவில், நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த மடிக்கணினியில் எழுதிய ஒரு சோதனை நிரலைக் கல்லாக் கணினியில் ஓடவிட்டு, கமிட் கொடுக்க மறந்தபோது.

61 பதிவுகளுக்கு மட்டும் வழியில்லை. தராசுக்காரர் ஒவ்வொரு மூட்டைக்கும் எழுதித் தைத்துவிடும் துண்டுச்சீட்டுகளில் 44 கிடைத்தன. மற்ற மூட்டைகள் விற்றுப் போயின, சீட்டும் அவற்றோடு போய்விட்டது. அந்த 17 மூட்டைகளுக்கு வாங்கியவர்களின் பில்லில் உள்ள எடையையே எடுத்து, தனிக் குறிப்போடு ஏற்றியிருக்கிறேன். சேவை நிரலை எழுதத் தொடங்கிவிட்டேன். முடிந்ததும் தனிக் கேள்வியாக இங்கே வருகிறேன்.